ஜன்னலில் வைத்த காந்தம்

என் தையல் மிஷின் டிராயரில் ஒரு காந்தம் உண்டு. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். குண்டூசி கொட்டிவிட்டால் அதைத் தரையில் ஒரு தடவு தடவுவேன். எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ரவிக்கை தைக்கிற எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி நான் நினைத்ததில்லை.

எங்கள் வீடு பாலக்காட்டுக்குக் கிழக்கே, தோப்புக்குள் இருக்கிறது. நாற்பத்திரண்டு தென்னை, எல்லாம் குட்டை ரகம். என் வீட்டுக்காரர் தன் கையால் குழி எடுத்து வைத்தவை. இன்றைக்கும் சில மரத்தில் கையை நீட்டினால் அடிமட்டை எட்டும். மகளைக் கோயமுத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த வீட்டில் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் தம்பி.

கொழுந்தனுக்கு வேலை இரும்புக் கம்பெனியில். தோப்புக்குக் கிழக்கே இரண்டு வயல் தள்ளி அது இருக்கிறது. பழைய இரும்பை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை உருக்கிக் கட்டையாக ஊற்றுவார்கள். உலை வந்த புதிதில் ஊரே போய் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தது. உள்ளே விடமாட்டார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் வேலைக்காரர் குடும்பத்தை விடுவார்கள்.

ஒரு வருடம் நாங்களும் போனோம். சுவரெல்லாம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பூஜைக்காக ஒரு தடவை இரும்பு ஊற்றிக் காட்டினார்கள். கொழுந்தன் கறுப்புக் கண்ணாடி ஒன்றை என்னிடம் கொடுத்தான்.

"அண்ணி, கண்ணாடிய எடுத்துறாதீங்க. கண்ணு போயிரும்."

உலை சாய்ந்தது. இரும்பு வழிந்தது. சத்தமே இல்லை. அத்தனை கனமான சாமான், சத்தமே இல்லாமல் விழுந்தது. பொறி மட்டும் பறந்தது. பத்தடி தள்ளி நின்ற எங்கள் முகம் சுட்டது. பக்கத்தில் பார்த்தால் என் வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். என் கையும் அப்படித்தான் இருந்தது. எப்போது கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவர் தம்பியைக் கேட்டார். "ஏன்டா, அது ஆறுனா கட்டையாகுது. செரி. மேல போச்சே பொகை, அது ஆறுனா என்னாகும்?"

"பொகை ஆறுனா என்னங்ண்ணா ஆகும்? போயிரும்."

"எங்க போகும்?"

"இதென்னங்ண்ணா கேள்வி. காத்துல போயிரும்."

அவர் சிரித்தார். நாங்கள் பொரியைத் தின்றுகொண்டே நடந்து வந்தோம்.

அதற்கு அடுத்த வருடம் ஓலை கறுத்தது.

எங்கள் பக்கத்தில் கார்த்திகை பிறந்தால் கிழக்கே இருந்து கீழ்க்காற்று. தைமாசம் முடிகிறவரை நிற்காது. மலை இடைவெளியில் புகுந்து வருவதால் வேகம் அதிகம். ஓட்டுக் கூரையைக்கூடத் தூக்கும். அந்தக் காற்று அடிக்க ஆரம்பித்து இருபது நாளில் ஓலையின் மேல்பக்கம் கரி பூசியது போல் ஆகிவிட்டது. வாழை இலையும் அப்படியே. இலையில் சோறு போட முடியாது.

யாரும் கம்பெனியை நினைக்கவில்லை. எங்களுக்கு அது என்னவென்று தெரியும். தெரியும் என்று நினைத்தோம். பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈ வந்து தோப்புத் தோப்பாகக் கறுத்துப் போயிருந்த காலம் அது. வெள்ளை ஈ ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும். அதன் கழிவு கீழ் ஓலையில் பிசுபிசு என்று விழும். அதில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். தென்னை வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பாடம். வைத்தியமும் தெரியும். மைதாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கி, தண்ணீர் கலந்து ஓலைமேல் அடிக்க வேண்டும். வெயிலில் கஞ்சி காய்ந்து, கறுப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும்.

என் வீட்டுக்காரர் அடித்தார். நான் அடுப்பில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். அவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு நீளக் குழாயால் மரம் மரமாக அடித்தார். மறுநாள் மத்தியானம் வெயில் ஏறியதும் உரிய ஆரம்பித்தது. பாம்புச் சட்டை மாதிரி, கறுப்பாக, ஓலையின் வரி எல்லாம் பதிந்து, நீளநீளமாக விழுந்தது. அடியில் பச்சை ஓலை பளபளவென்று இருந்தது. அவர் தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தலைமேல், தோள்மேல் எல்லாம் விழுந்தது. அவருக்கு அது சந்தோசம்.

"பாத்தியா புள்ளே. மரம் குளிச்ச மாதிரி."

விழாமல் தொங்கியதை நீளக் கம்பால் உலுக்கினார். தூசி இறங்கியது. அவர் தும்மினார்.

பத்து நாளில் மறுபடியும் கறுத்தது. மறுபடியும் கஞ்சி. அந்த வருடம் ஏழு தடவை அடித்தோம். அடுத்த வருடமும் அப்படியே. ஊரில் எங்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் அடித்தார்கள். மளிகைக் கடைக்காரர் கேட்டார், "ஏனுங்க, மரத்துக்குப் பரோட்டாவா போடறீங்க, இத்தன மைதா வாங்கறீங்க?"

அந்த இரண்டாவது வருடம் அவருக்கு மூச்சு கெட்டது.

முதலில் இருமல். பிறகு கிணற்றுமேட்டில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். பேச்சு குறைந்தது. அவர் வாய் ஓயாத மனுசர். மாட்டோடு பேசுவார், மரத்தோடு பேசுவார், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் தூங்கினால்கூடப் பேசுவார். அவர் நடக்கிறபோது பேசுவதை விட்டார். பிறகு உட்கார்ந்திருக்கிறபோதும் விட்டார். நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துவது போல் ஒரு சத்தம் மட்டும் வரும். படுத்தால் மூச்சு முட்டும் என்று மைதா சாக்கு இரண்டை மடித்து முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொள்வார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்.

"பீடி உண்டோ?"

"இல்லீங்க டாக்டர். வெத்தலகூடப் போடறதில்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நேரா சொல்லணும் கேட்டோ."

"இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மருந்து இழுக்கிற பம்பு எழுதிக் கொடுத்தார். "தூசி இல்லாத எடத்துல வெச்சுப் பாருங்க. வருசம் பூரா வெச்சுப் பாருங்க. இதே போல இன்னொரு வருசம் போச்சுன்னா, இந்த நெஞ்சு திரும்பி வராது."

பஸ்ஸில் வரும்போது நான் சொன்னேன். என் அக்கா மலைமேல் காந்தலூரில் இருக்கிறாள், பூண்டு போடுகிறாள், அங்கே போகலாம் என்று.  எங்கள் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தார்.

"கஞ்சி யாரு அடிப்பா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச மூச்சும் இல்லை.

மார்கழியில் மகளுக்கு உடம்பு சுகமில்லை என்று மூன்று நாள் கோயமுத்தூர் போனேன். போகிற அவசரத்தில் காந்தத்தைக் கிழக்கு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது காந்தத்துக்கு மயிர் முளைத்திருந்தது.

நிஜமாக அப்படித்தான் இருந்தது. கறுப்பாக, பொடிசாக, விளிம்பு முழுக்க நிமிர்ந்து நின்றது. பூனைக்குட்டியின் முதுகு மாதிரி. விரலால் தொட்டேன். சாய்ந்தது. விரலை எடுத்தால் மறுபடி எழுந்தது. நான் கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன். பயமாகவும் இருந்தது. கையை எடுக்கவும் மனசில்லை.

துணியால் வழித்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி முளைத்திருந்தது.

அப்புறம் தோப்புக்குப் போனேன். முந்தின வாரம் உரிந்து விழுந்த கறுப்புச் சட்டை ஒன்று வாழையடியில் கிடந்தது. உள்ளங்கை நீளம் இருக்கும். குனிந்து காந்தத்தைக் காட்டினேன். ஒரு விரல் தூரத்தில் இருக்கும்போதே அது எழும்பி வந்து ஒட்டியது.

 இரும்பு பறக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு ஆயுத பூஜையில் சத்தமில்லாமல் விழுந்ததே, அது. அது எழும்பி, இரண்டு வயல் தாண்டி, காற்றோடு காற்றாக வந்து, என் வீட்டு ஓலையில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாள் அதற்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறோம்.

ஓர் ஓலையை வளைத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. இன்னொன்று. அதுவும் சுத்தம். வெள்ளை ஈ இருந்தால் அடிப்பக்கம்தான் இருக்கும். இரண்டு வருடமாக நாங்கள் ஓர் ஓலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. வியாதி இன்னதென்று முடிவு செய்தாகிவிட்டது. பிறகு எதற்குத் திருப்புவது.

அவர் அண்ணாந்து, வாயைத் திறந்து நின்றது ஞாபகம் வந்தது. மரத்தில் இருந்ததை நாங்களே உரித்து அவர் தலைமேல் போட்டிருக்கிறோம்.

கொழுந்தன் ஷிப்ட் முடிந்து வந்ததும் காந்தத்தைக் காட்டினேன். அவன் கட்டைவிரலை அந்த மயிர்மேல் வைத்து அழுத்தினான். விரல் கறுத்தது.

"எங்க ஷெட்டுல இருக்கற பொடிதானுங்க அண்ணி."

"இத்தன தூரம் வருமா?"

"வந்திருக்குதே."

"பொகையப் பிடிக்க அங்க ஒண்ணும் இல்லியா?"

"இருக்குதுங்க. ஆளு உசரத்துக்கு ரெண்டு பங்கு துணிப்பை, வரிசையாத் தொங்கும். பொகைய உறிஞ்சி அதுக்குள்ள உட்டு வடிகட்டற மிஷினு. ஓட்டுனாக் கரண்டு இழுக்குதுன்னு பாதி நாள் நிறுத்திருவாங்க."

"ஏனப்பா, இத நீ சொல்லவே இல்லியே."

"நீங்க வெள்ளை ஈன்னு சொன்னீங்க" என்றான். "அண்ணன் மரத்தப் பத்தி அண்ணனுக்குத் தெரியாததா. நானும் வெள்ளை ஈன்னுதானுங்க நெனச்சேன்."

அவன் அண்ணன் வீட்டுக்குள் இருமினார். கொழுந்தன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. விரலை லுங்கியில் துடைத்தான். துடைத்த இடமும் கறுத்தது.

பஞ்சாயத்து மெம்பரிடம் போனேன். அவர் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். கஞ்சி அடித்த இன்னும் நாலு வீட்டாரும் போட்டார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. காந்தத்தை அவரவர் வாழைமேல் ஒரு இழுப்பு இழுத்தேன். ஒரு வீட்டம்மா சொன்னாள், "எடுத்துட்டுப் போயிருங்க அதை. பாக்கவே என்னமோ பண்ணுது."

பொங்கல் முடிந்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர்கள் வந்தார்கள். காலை எட்டு மணிக்கு ஜீப் கம்பெனிக்குள் போனது. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே புகைக்குழாயில் புகை மாறிவிட்டது. கறுப்பும் செம்மண் நிறமும் கலந்து வருவது, வெள்ளையாக, நூல் மாதிரி மெலிந்துவிட்டது. மேலே போனதும் இல்லாமல் போனது. அப்படி ஒரு வானத்தை எங்கள் கிழக்குப் பக்கம் நான் பார்த்து மூன்று வருடம் இருக்கும். மலை தெரிந்தது. மலையில் இருக்கிற மரம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் எழுந்து தோப்புக்குப் போய் மாட்டுக்குப் புல் அறுத்து வந்தார். நான் போகச் சொல்லவில்லை. சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நான் பரிமாறிவிட்டு வெளியே வந்து புகைக்குழாயைப் பார்த்தேன். மிஷினை ஓட்டினால் முடிகிற காரியம்தான் என்று தெரிந்தது.

ஆபீசர்களில் ஒரு பெண் எங்கள் தோப்புக்கும் வந்தாள். ஓலைத்துண்டை வெட்டிக் கவரில் போட்டாள். நான் காந்தத்தைக் காட்டினேன். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எவ்வளவு நாள் சேர்ந்தது?"

"முந்தாநாள் ஒரே நாள்ல சேந்ததுங்க."

அவள் போட்டோ எடுத்துக்கொண்டாள். மெதுவாகக் காந்தத்தை என் கையில் வைத்தாள், ஏதோ உயிருள்ளதைத் தருவது போல. ரிப்போர்ட் போகும், நோட்டீஸ் போகும், நாள் ஆகும் என்றாள். நாள் எத்தனை என்று கேட்டேன். அவள் வீட்டுக்குள் பார்த்தாள். அவர் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இவர இங்க வெச்சுக்கிட்டுக் காத்திருக்காதீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் புகை பழையபடி ஆனது. மலை மறைந்தது. அன்றைக்கு மதியம் அவர் பம்பை இரண்டு தடவை இழுத்தும் மூச்சு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. கொழுந்தன் ஆட்டோ கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓலை கறுத்துருச்சா?"

அதற்கு மேல் மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். அதுவரை அவரிடம் காந்தத்தைக் காட்டவில்லை. தான் அடித்த கஞ்சி எல்லாம் வீண் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெயில் நன்றாக இருந்தது. ஓலையில் உரிந்த கறுப்புச் சட்டை ஒன்றையும் காந்தத்தையும் கொண்டுபோய் ஒட்டிக் காட்டினேன்.

"காந்தம்னா ஒட்டத்தான் செய்யும்."

"இது இரும்புங்க. பூஞ்சை இல்ல. வெள்ளை ஈயே இல்லீங்க. ஓலையத் திருப்பிப் பாத்தேன்."

 அவருடைய துண்டு கட்டிலில் கிடந்தது. கஞ்சி அடிக்கும்போது தலையில் கட்டுகிற துண்டு. அதன்மேல் காந்தத்தை ஒரு இழுப்பு இழுத்தேன். தாடி முளைத்துக்கொண்டு வந்தது.

அவர் காந்தத்தை என்னிடம் இருந்து வாங்கினார். லுங்கியில் துடைத்தார். தன் புருவத்தில் தேய்த்துப் பார்த்தார். காதோரம் தேய்த்தார். ஒவ்வொரு தடவையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஆயுத பூஜை அன்றைக்கு உலையைப் பார்த்த அதே பார்வை. பிறகு சட்டைப் பித்தானைக் கழற்றி, காந்தத்தை நெஞ்சுமேல் வைத்தார். வைத்துக்கொண்டு இருந்தார்.

"உள்ள இருக்கறத இது இழுக்குமா புள்ளே?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"இழுக்காதுங்க."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை எடுத்தார்.

"அப்பப் போலாம்" என்றார்.

மாட்டைக் கொழுந்தன் கொட்டகைக்கு மாற்றினோம். தோப்புக்குத் தண்ணீர் விடுவதும் அவன் பொறுப்பு. உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து மறையூர் பஸ். சின்னாறு தாண்டி மேலே ஏற ஏற அவர் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தார். காந்தலூரில் அக்கா வீடு மேட்டில். பஸ் நின்ற இடத்தில் இருந்து வீட்டுக்கு ஏற அன்றைக்கு அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆறு இடத்தில் உட்கார்ந்தார்.

போனதும் சரியாகிவிடவில்லை. முதல் மாதம் குளிர் சேர்ந்து இருமல் அதிகம். இவரை வீணாக இழுத்து வந்தேனோ என்று இருந்தது. அக்கா அவரை விடவில்லை.

"மாப்ள, சும்மா உக்காந்து மலையப் பாத்தா மலை வளருமா? இந்தாங்க, இந்தப் பூண்டப் பிரிச்சுப் போடுங்க."

அவர் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துப் போட்டார். நான் முட்டைக்கோசுக்குக் களை எடுத்தேன். காந்தத்தைக் கூடவே கொண்டுபோயிருந்தேன். அக்கா வீட்டு ஜன்னலில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். வைத்தபடி மொட்டையாக இருந்தது. ஒரு சிலந்தி ஓட்டைக்குள் வலை கட்டியிருந்தது. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கொழுந்தன் வாரம் ஒரு தடவை போன் பண்ணுவான். கம்பெனிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, மிஷினுக்குப் புதுப் பை மாட்டுகிறார்கள், சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடவில்லை. ஓலைக்கு இப்போது கஞ்சி இல்லை, குழாயில் வெறும் தண்ணீர்தான், மூக்கைக் கட்டிக்கொண்டு அடிக்கிறேன் என்பான். நீயும் நெஞ்சைக் காட்டிப் படம் எடுத்துக்கோ என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "ஆகட்டுங்க அண்ணி" என்பான்.

ஆறாவது மாதம் ஒரு நாள். கீழ்ச்சந்தைக்குப் பூண்டு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மேடு ஏறி வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். மழை விட்டிருந்தது. எதிர்மலையில் மேகம் படிப்படியாக இறங்கியிருந்தது. அவர் அக்காவைத் திட்டிக்கொண்டே போனார். பூண்டுக்குப் பாத்தி இப்படியா எடுப்பது, தண்ணீர் நிற்கிறது, நான் சொன்னால் உன் அக்கா கேட்கிறாளா, நீ சொல்லு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு பேச்சு, நம்ம பக்கத்துல ஒருத்தனும் மண்ண இப்படி விட மாட்டான்...

பாதி மேட்டில்தான் எனக்கு உறைத்தது. அவர் பேசிக்கொண்டே ஏறுகிறார்.

நான் நின்றுவிட்டேன். கூப்பிடவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே நாலு வளைவு ஏறிப் போனார். ஒரு இடத்திலும் உட்காரவில்லை. குரல் மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நான் பின்னால் இல்லை என்று தெரிந்து திரும்பிப் பார்த்தார்.

"ஏன் புள்ளே நின்னுட்டே? மூச்சு வாங்குதா?"

"ஆமாங்க" என்றேன்.

"மெதுவா வா. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து அக்காவை மறுபடி திட்ட ஆரம்பித்தார்.